ஆறு விநாடி விதி

அந்தப் பதிவில் யாரும் மூச்சு விடவில்லை.

அவள் ஹெட்போனைக் கழற்றி, காது படும் இடத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். மதியம் இரண்டரை மணி. அலுவலகத்தில் ஏ.சி. ஒழுகி பிளாஸ்டிக் வாளியில் சொட்டும் சத்தமும், கீழ்த்தளத்து மெத்தைக் கடைக்காரன் யாரிடமோ கத்துவதும் கேட்டன. அவை வெளிச் சத்தங்கள். ஹெட்போனுக்குள் இருந்தது வேறு. போன் நாலு முறை அடிக்கிறது, ரிசீவரை யாரோ எடுக்கிறார்கள், துணி உரசுகிறது, தூரத்தில் ஒரு குழாய் சொட்டுகிறது, ஈ ஒன்று அருகில் வந்து போகிறது. ஒரு பொத்தான் ஒலி. அவ்வளவுதான். ரிசீவரை வாயருகே வைத்திருக்கும் மனிதன் எவனாக இருந்தாலும் அவன் மூச்சு ஒலிவாங்கியில் உரசும். தூங்குகிறவனுக்கு உரசும், கோபக்காரனுக்கு உரசும். நாலு மாதத்தில் பல்லாயிரம் பதிவுகளைக் கேட்டவளுக்கு அது தெரியும். இதில் பதினோரு விநாடியும் அது இல்லை.

அடையாள அட்டையில் அவள் வேலை 'தரவு ஆளுகை உதவியாளர், பகுதிநேரம்' என்று அச்சாகியிருந்தது. "ஆள்றதுக்கு இங்க என்னடி இருக்கு, அழிக்கறதுக்குத்தான் இருக்கு" என்பான் பக்கத்து நாற்காலிக்காரன். அவனும் கல்லூரி மாணவன்தான். கண்ணாடியின் தடிமனைப் பார்த்து எல்லாரும் அவனைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பை முடிக்க இருநூறு மணி நேர வேலை அனுபவச் சான்றிதழ் வேண்டும். அதற்காகத்தான் இருவரும் வகுப்பு முடிந்ததும் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு இங்கே ஓடிவருகிறார்கள்.

நிறுவனத்தின் தொழில் எளிது. தனியாக வாழும் வயதானவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் பட்டியலில் இருந்தார்கள். நகராட்சி கொடுத்த பட்டியல். தினமும் அவரவருக்கு ஒதுக்கிய நேரத்தில் இயந்திரம் அவர்களை நிறுவனமே கொடுத்த போனில் அழைக்கும்; முதல் மணியிலிருந்தே அந்த வீட்டின் சத்தம் பதிவாகும். நலமாக இருந்தால் ஒன்றை அழுத்த வேண்டும், உதவி வேண்டுமானால் இரண்டை. அந்த அழைப்பில் பேசுவது அவள் குரல். சேர்ந்த முதல் வாரம் நாலைந்து மாணவிகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உன் குரல்லதான் ஒரு பாசம் இருக்கு" என்று மேலாளர் அம்மாள் இவளுடையதை எடுத்துக்கொண்டாள். அந்த அம்மாள் எதற்கெடுத்தாலும் ரூல்ஸ் பேசுவதால் ரூல்ஸ் மேடம்.

பாசமான குரலைக் கேட்ட கிழடுகள் பொத்தானை மறந்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். சிலர் கை நடுங்கி இரண்டை அழுத்தினார்கள். களப்பணியாளர்கள் மூச்சிரைக்க மாடியேறிப் போனால், "ஒண்ணுமில்லப்பா, சும்மா" என்று பல்லில்லாமல் சிரித்தார்கள். வீண் அலைச்சலைக் குறைக்க ஒரு விதி எழுதச் சொன்னார்கள். அவள் எழுதினாள். ரிசீவரை எடுத்து ஆறு விநாடிக்கு மேல் ஏதாவது சத்தம் கேட்டால் நலம். எந்த எண் அழுத்தப்பட்டாலும், ஏற்கெனவே மூன்று முறை வீணாக ஆளை வரவழைத்தவர் என்றால், அதுவும் நலம். களப்பணி பாதியாகக் குறைந்தது. கைதட்டினார்கள். விதியின் கீழே 'பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மேடமும் கையெழுத்துப் போடவில்லை, மேடத்துக்கு மேலே இருந்தவரும் போடவில்லை. "எழுதினவங்களே போடறதுதான்மா முறை" என்றார்கள். முதன்முதலாக ஒரு ஆபீஸ் காகிதத்தில் கையெழுத்துப் போடும் பெருமையில் அவள் கொஞ்சம் சுழித்துப் போட்டாள்.

முப்பது நாளைத் தாண்டிய பதிவுகள் வியாழக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குத் தானாக அழியும். பதிவான மறுநாளும் அழியுமுன்னும் சிலவற்றைக் கேட்டு 'ஆட்சேபணை இல்லை' என்று குறிப்பது இவள் வேலை. இன்று வியாழக்கிழமை.

மூச்சில்லாத பதிவுக்குரியவர் யாரென்று பார்த்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது, அழைப்பு நேரம் மாலை நாலு நாற்பது. குறிப்புப் பகுதியில் களப்பணியாளர் மூன்று முறை எழுதியிருந்தார்: 'இரண்டை அழுத்தினார். போனேன். நலம். டீ போட்டு வைத்திருந்தார். உட்கார்ந்து பேசச் சொன்னார்.' மூன்றாவது குறிப்பில் மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை: 'தொல்லை.'

அழியப்போகும் வாரத்தின் ஏழு பதிவுகளில் அவள் கேட்டது கடைசி. முதலாவதிலிருந்து கேட்டாள்.

"வந்துட்டியா பாப்பா?" கரகரப்பான, சந்தோஷமான குரல். "இன்னைக்குக் காத்து ஜாஸ்தி. மேல ஏறியிருந்தா கூண்டை ஆட்டியே கொன்னுருக்கும். நீ சாப்டியா?"

அதற்கு அவள் குரல், பதிவான குரல், சொன்னது: "நன்றி. நீங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. நாளை பேசுவோம்."

இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதே மாதிரிதான். நாலாவதில் குரல் தரையிலிருந்து வந்தது. எப்படித் தெரிந்தது என்று அவளால் சொல்ல முடியாது, ஆனால் தரையிலிருந்துதான். "பாப்பா... கட்டில்லேர்ந்து விழுந்துட்டேன். இடுப்புக்குக் கீழ மரத்துப் போச்சு. யாரையாவது அனுப்பும்மா." பொத்தான் ஒலி. "நன்றி. நீங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி."

ஐந்தாவதில், "தண்ணி மட்டுமாவது" என்றது குரல். "இந்தப் போன் வரைக்கும் வந்துட்டேன், சமையக்கட்டு வரைக்கும் முடியல. நீ நல்ல பொண்ணு, சொல்லு அவங்ககிட்ட." பொத்தான். நன்றி. மகிழ்ச்சி.

ஆறாவதில் வார்த்தை இல்லை. மூச்சு மட்டும், கிணற்றுக்குள் கல் உரசுவது மாதிரி. பொத்தான்.

ஏழாவதில் அதுவும் இல்லை. பொத்தான் மட்டும்.

வாளியில் ஏ.சி. சொட்டியது. அவள் நாலாவது பதிவின் ஓரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு பதிவையும் எவர் கேட்டார் என்று சிஸ்டம் குறித்துவைக்கும். இதை ஏற்கெனவே ஒருத்தி கேட்டிருந்தாள், போன மாதம், மூன்றே விநாடி. 'ஆட்சேபணை இல்லை.' கேட்டவள் இவள்தான். மணிக்கு நூறு பதிவு முடித்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பதால், ரிசீவரை எடுத்த முதல் மூன்று விநாடியில் குரல் கேட்டால் போதும் என்று அவளே வைத்துக்கொண்ட பழக்கம்.

"அந்த ஆளோட இந்த மாசப் பதிவெல்லாம் எடுத்துக் கொடேன்" என்றாள் சோடாபுட்டியிடம். "விதி வடிகட்டறதுக்கு முன்னாடி இருக்கற மூல ஒலி."

அவன் தட்டினான். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தான். "முப்பது இருக்கு. நேத்து வரைக்கும். தினமும் எடுத்திருக்காரு. உன் பட்டியல்ல எல்லாம் நலம்னு இருக்கு." திரையை இன்னும் கீழே நகர்த்தினான். "ஆனா எல்லாத்துலயும் ரெண்டுதான் அழுத்தியிருக்காரு."

"மூச்சு கேக்குதா?"

அவன் ஹெட்போனை மாட்டினான். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அவன் முகத்தில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் கேலி மெல்ல வடிந்தது. "ஏதோ இழுபடற சத்தம் கேக்குது. போன் அடிக்கும்போது தொடங்குது. எடுத்ததும் நிக்குது." ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் தள்ளிவைத்தான், அது கடித்துவிடும் போல. "முதல் வாரம் ரொம்ப நேரம் இழுபடுது. இப்ப சீக்கிரம் வந்துடுது. பழகிட்ட மாதிரி."

ரூல்ஸ் மேடம் பொறுமையாகக் கேட்டாள். கையில் டம்ளர், அதில் சர்க்கரை போடாத காபி. "பதிவாகியிருக்கில்ல? போன் எடுக்கறார்ல? செத்தவன் போன் எடுப்பானா? மெஷின் கோளாறா இருக்கும்."

"மேடம், அந்த ஏழு பதிவை மட்டும் அழிக்காம நிறுத்தி வையுங்க. அவர் உதவி கேட்டிருக்கார்."

"முப்பது நாளுக்கு மேல ஒருத்தர் குரலை வெச்சிருந்தா சட்டப்படி தப்பு. உனக்குத் தெரியாததா? நீயே ஆளுகைப் பிரிவு." ஒரு வாய் குடித்தாள். "அதோட, விதியோட பொறுப்பாளர் யாருன்னு பாரு. யோசிச்சுப் பேசும்மா. படிக்கற பொண்ணு."

களப்பணியாளருக்குப் போன் செய்தாள். அவர் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். "எனக்குச் சிஸ்டத்துலேர்ந்து புகார் எண் வரணும்மா. எண் இல்லாம நான் யார் வீட்டுக் கதவைத் தட்டறது? சிஸ்டம் என்ன சொல்லுது?"

"நலம்னு சொல்லுது."

"அப்புறம் என்ன?"

போலீசுக்கு எண்களை அழுத்தினாள். ஒரு முறை அடித்தது. துண்டித்தாள். கையெழுத்தின் சுழிப்பு கண்முன் நின்றது. முதலில் போய்ப் பார்ப்போம், என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், ஒரு வேளை மெஷின் கோளாறாகவே இருந்துவிட்டால்? அப்படிச் சொன்னபோதே அது பொய் என்றும் தெரிந்தது. பயந்தவனுக்கு எந்தப் பொந்தும் கோட்டைதான்.

பஸ்ஸில் போகும்போது அவள் அம்மா அழைத்தாள்.

"சாப்டியா?"

"ம்."

"நல்லா இருக்கியா?"

"ம்."

"ம்முன்னா என்னடி அர்த்தம்?"

"நல்லா இருக்கேன்னு அர்த்தம்மா. வைக்கறேன்."

அது பழைய குடியிருப்பு. நாலு மாடி, சுவரெல்லாம் மழைக்கறை, தரைத்தளத்தின் பின்பக்கம் இருட்டான ஒரு நடை. நடை முழுக்கப் பினாயில் ஊற்றியிருந்தார்கள். பினாயிலின் அடியில் இன்னொரு வாசனை இருந்தது, இனிப்பும் கசப்புமாக, தொண்டையின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி. எதிர்வீட்டு அம்மாள் கொடியிலிருந்து எடுத்த துணிகளை வாசற்படியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"கிரேன்காரரையா கேக்கற? உள்ளதான் இருப்பாரு."

"நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நாங்க பேசறதில்லம்மா. தண்ணிக் குழாய் விஷயத்துல ஒரு சண்டை, ஒரு வருஷம் ஆச்சு." தலையணை உறையை உதறினாள். "ஆனா சாயங்காலமானா போன் அடிக்கும், எடுப்பாரு. அது ஒண்ணுதான் நமக்கும் நிம்மதி. சண்டைன்னாலும் மனுஷன் இல்லையா?"

"இந்த நாத்தம்..."

"எலி செத்துக் கெடக்குன்னு ஆள் விட்டுத் தேடியாச்சு. எங்கன்னுதான் தெரியல." அவள் இவளை நிமிர்ந்து பார்த்தாள். "உன் குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

இவள் கிரேன்காரரின் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"கதவு சும்மாதான் சாத்தியிருக்கும். விழுந்து கெடந்தா தொறக்க ஆளில்லன்னு அந்த மனுஷன் தாழ்ப்பாளே போடறதில்ல. போய்ப் பாரு."

கதவு தள்ளியதும் திறந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஒரு காலை வைத்தாள். வெளியே நல்ல வெயில் காய்ந்துகொண்டிருந்தும் கூடத்துக்குள் அது வரவில்லை. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஈக்கள் அப்பியிருந்தன, ஒளி அவற்றின் இடுக்கு வழியாகப் புள்ளி புள்ளியாக விழுந்து, அவை நகரும்போதெல்லாம் தரையும் சுவரும் நகர்வது போலிருந்தது. ஒரு சாய்வு நாற்காலி. சுவரில் துறைமுகப் படம், வானத்தில் ஒரு கிரேன், அதன் கூண்டில் எறும்பளவு மனிதன். மூலையில் குட்டை ஸ்டூல்மேல் நிறுவனம் கொடுத்த போன், பெரிய பெரிய பொத்தான்களோடு. சமையலறைப் பக்கமிருந்து குழாய் சொட்டியது. பதிவில் கேட்ட அதே குழாய். அதே இடைவெளி.

பிறகு தரையைப் பார்த்தாள்.

படுக்கையறை வாசலிலிருந்து ஸ்டூல் வரைக்கும் ஒரு தடம் போனது. இரண்டு சாண் அகலம். கரும்பழுப்பு, ஓரங்களில் தடித்துக் காய்ந்தது. ஆனால் நடுவில் காயவில்லை. நடுவில் அது பளபளத்தது, பல பேர் நடந்து நடந்து தேய்ந்த படிக்கட்டு பளபளப்பது போல. ஒரு முறை இழுபட்ட தடமில்லை. போயும் வந்தும், போயும் வந்தும் உண்டான பாதை.

படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. கீழே, கதவுக்கும் நிலைக்கும் நடுவில், இரண்டு உள்ளங்கால்கள் தெரிந்தன. கறுத்திருந்தன. குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றில் சதையே இல்லை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது. மூன்று விநாடிக்குப் பதில் பத்து விநாடி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். "ஐயா" என்று கூப்பிட வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள். இந்த வீட்டில் தன் குரல் மறுபடி கேட்கக்கூடாது. போய்விடலாம். வெளியே போய் போலீசைக் கூப்பிடலாம், என் கையெழுத்துதான் என்று சொல்லிவிடலாம், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். திரும்பினாள். வாசல் நாலு எட்டு.

போன் அடித்தது.

ஈக்கள் ஜன்னலை விட்டு ஒன்றாக எழும்பின. கூடத்தில் திடீரென்று வெளிச்சம்.

உள்ளங்கால்கள் அசைந்தன.

இரண்டாவது மணி. கால்கள் கதவுக்குப் பின்னால் மெல்ல உள்ளே போயின. ஒன்று. பிறகு மற்றது. உள்ளே ஏதோ திரும்பிப் படுக்கும் ஓசை. கனமான, ஈரமான ஓசை.

மூன்றாவது மணி. இழுபடும் சத்தம்.

ஓடு, என்றாள் தனக்கு. முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. எப்போது ஒட்டியது?

கதவிடுக்கில் ஒரு கை வந்தது. தரையைத் தடவியது. பாதையைக் கண்டுபிடித்தது. இன்னொரு கை. பிறகு தலை, முகம் தரையில் கவிழ்ந்தபடி. நிமிரவில்லை. நிமிரத் தேவையில்லை. வழி தெரியும்.

அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி அது கடந்து போனது. அவசரமில்லாமல். மூச்சில்லாமல். சட்டை இருந்தது. சட்டைக்குள் இருந்தது அசைந்தது, ஆனால் அவரோடு சேர்ந்து அசையவில்லை.

நாலாவது மணி. ரிசீவர் எழுந்தது.

அதிலிருந்து அவள் குரல் வந்தது. சின்னதாக. பாசமாக. "வணக்கம். எப்படி இருக்கிறீர்கள்? நலமாக இருந்தால் ஒன்றை அழுத்துங்கள். உதவி வேண்டுமென்றால்..."

விரல் அதற்குள் பொத்தானில் இருந்தது. நுனியில் நகமில்லை. நுனியே இல்லை. எலும்பு பிளாஸ்டிக்கில் தட்டும் ஓசை.

இரண்டு.

மறுபடி. இரண்டு.

இரண்டு. இரண்டு. இரண்டு.

"நன்றி" என்றது அவள் குரல். "நீங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி."

வெளியே எதிர்வீட்டு அம்மாள் துணியை உதறினாள். "எடுத்துட்டாருல்ல? நான்தான் சொன்னேனே. பேசறாராம்மா?"

விரல் நின்றது. இத்தனை நாள் பாதையில் அது இங்கிருந்து திரும்பிப் படுக்கையறைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கவிழ்ந்த தலை அப்படியே கிடந்தது. தோள் மட்டும் திரும்பியது, தோள் திரும்பக் கூடாத பக்கம். ரிசீவரைப் பிடித்த கை மெல்ல எழுந்து, பின்னோக்கி வளைந்து, கம்பிச் சுருள் இழுபட இழுபட, சுவரோடு ஒட்டி நின்றவளை நோக்கி நீண்டது. பேசு என்று ஒருவர் இன்னொருவரிடம் போனைக் கொடுப்பாரே, அப்படி.

இணைப்பு அறுந்து ரிசீவர் விட்டு விட்டு ஒலித்தது.

நீட்டிய கை இறங்கவில்லை.